பிரேக் வீட்டு ஜன்னல்

அத்தியாயம் பதினேழு

"மேடு எங்க?"

தேவாலயப் பங்கு மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததும் ஆக்னஸ் கேட்ட முதல் கேள்வி அதுதான். கூட வந்த மகள் லிசாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவளும் பார்த்தாள்.

கண்காட்சிக்காகப் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, பன்னிரண்டு அடி நீளத்துக்கு வைத்திருந்த மாதிரி மலைச்சரிவின் நடுவில் ஒரு மேடு இருந்தது. நேற்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் பச்சை வெல்வெட் துணியை விரித்து, நாலு பிளாஸ்டிக் மான்களை நிற்க வைத்திருந்தார்கள்.

ஆக்னஸ் ஒரு மானை எடுத்துப் பார்த்தாள். வயிற்றில் விலை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படவில்லை.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இந்த மலை பழக்கமானதுதான். இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஆக்னஸுக்கு ஐம்பது வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் இருபத்தாறு வருஷம் அச்சு எடுத்தவள். 1959-இல் அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அப்பா சூசைநாதன் மேற்கு மலைக் காட்டில் இறந்துபோனார். அங்கே ஒரு மரக் கம்பெனி தேக்கு இறக்குவதற்கு ரயில் விட்டிருந்தது. செங்குத்தான சரிவுகளில் இன்ஜின் ஏறாது. அதனால் உச்சியில் ஒரு பெரிய உருளையை வைத்து, இரும்புக் கயிற்றைச் சுற்றியிருந்தார்கள். மரம் ஏற்றிய வண்டி இறங்குகிற கனத்தில், கயிற்றின் மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலே ஏறி வரும். அந்த உருளையின் பிரேக்கைப் பிடித்திருந்தவர் சூசைநாதன். கீழேயிருந்து உத்தரவு வந்தால்தான் அவர் வண்டியை விடுவார்.

ஒரு மழை நாளில், பாதிச் சரிவில் கவிழ்ந்து கிடந்த வண்டியை ஆட்கள் நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, மேலிருந்து மரவண்டி இறங்கிவிட்டது. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். அறுந்த கயிறு திரும்பி அடித்ததில் சூசைநாதனும் செத்தார். "கீழே ஆட்கள் நிற்பதைக் கண்ணால் கண்டும், குடிபோதையில் பிரேக்கை விட்டார்" என்று விசாரணை அறிக்கை முடிந்தது. மூன்று பேரைக் கொன்றவனின் மகள் என்ற பெயரோடுதான் ஆக்னஸ் வளர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள்.

தகவல் அறியும் சட்டம் வந்த பிறகு, லிசா மனு மேல் மனு போட்டு அந்த அறிக்கையின் நகலை வாங்கினாள். சென்ற ஜனவரியில் குடும்பத்தோடு அந்தக் காட்டுக்கே போனார்கள். பிரேக் வீட்டின் அஸ்திவாரக் கல் இன்னும் இருந்தது. அப்பா நின்ற இடத்தில் ஆக்னஸ் நின்று பார்த்தாள். எதிரே முப்பது அடி உயரத்துக்கு ஒரு பாறை மேடு. அதற்கு அந்தப் பக்கம் ஆள் நின்றாலும் யானை நின்றாலும் தெரியாது.

ஊரை எல்லாம் அந்தக் காட்டுக்கு அழைத்துப் போக முடியாது. காட்டை ஊருக்குக் கொண்டுவருவது என்று அன்றே முடிவு செய்தாள்.

பதினோரு மாதம். நாற்பது அடி நிலத்துக்கு ஒரு அடி பலகை என்று கணக்கு வைத்துக்கொண்டாள். குடைக் கம்பிதான் தண்டவாளம். தையல் மெஷின் பாபின்கள்தான் சக்கரங்கள்; இருபுறமும் விளிம்பு இருப்பதால் கம்பியை விட்டு இறங்காது. நொச்சிக் குச்சியை நறுக்கித் தேக்கு மரமாக அடுக்கினாள். பிரேக் வீட்டைக் களிமண்ணில் செய்து சூளையில் வைத்தாள். வெந்து வந்தபோது பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு, சுருங்குவதற்கும் சேர்த்துப் பெரிதாக மறுபடி செய்தாள். அதன் பின்சுவரைத் திறந்தே விட்டாள். யார் வேண்டுமானாலும் பின்னால் குனிந்து, ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்க்கலாம்.

பார்த்தால் மேடுதான் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவும்.

அந்த மேட்டைத்தான் இன்றைக்குக் காணோம்.

"அது நடுவுல மறைக்குதும்மா," என்றபடி வந்தார் ஜெரோம்.

ஆக்னஸின் அண்ணன். பத்து வயது பெரியவர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கண்காட்சிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வெள்ளைச் சட்டையில் ரோஜாப்பூ குத்தியிருந்தார்.

"இந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கு வண்டி எறங்கி வரது தெரியல. அதான் எடுக்கச் சொன்னேன்."

"எடுத்து எங்க வச்சிருக்கீங்க?"

"எடுக்கும்போது ஒடைஞ்சிடுச்சு. பசங்க குப்பையில போட்டுட்டாங்கபோல."

லிசா பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். "அம்மா, அட்டையும் இல்ல."

லிசா தன் கையால் எழுதிய அட்டை. 'பிரேக் வீட்டு ஜன்னலில் கண் வைத்துப் பாருங்கள். கீழே ஆள் தெரிகிறதா?' என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன்கீழ் சூசைநாதன் பெயரும் தேதியும் போட்டிருந்தாள். அதற்குப் பதிலாக இப்போது கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள்: 'காட்டு ரயில்: மாதிரி வடிவம். கைவண்ணம்: திருமதி ஆக்னஸ்.'

"என்னா மாமா இது?"

"இதுல என்னா தப்பு இருக்குது? அவ பேரு போட்டுத்தானே இருக்குது?" ஜெரோம் குரலைத் தாழ்த்தினார். "பதினோரு மணிக்கு கோயமுத்தூர் சார் வராரு. இந்த வயசுல அவ்ளோ தூரத்துலேர்ந்து எனக்காக வராரு. நல்ல நாளும் அதுவுமா அவரு முன்னாடி சாவு, விபத்துன்னு எழுதி வைக்கணுமா?"

கோயமுத்தூர் சார். அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் ஆக்னஸ். அப்பா போன பிறகு ஜெரோமை ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்த புண்ணியவான். ஜெபத்தில்கூட அம்மா அவரைச் சேர்த்துக்கொள்வாள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

மேடையில் இரண்டு பேர் ஸ்டூல் போட்டு ஏறி பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கக் கயிறு நழுவி, மடங்கிக் கிடந்த துணி விரிந்தது. 'சிறப்பு விருந்தினர்: பொறியாளர் கே. மாணிக்கவேல்.'

லிசா அதை வாய்விட்டுப் படித்தாள். படித்தவள், தோள்பையிலிருந்து அவசரமாக ஃபைலை எடுத்து, அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அம்மாவிடம் நீட்டினாள்.

பக்கத்தின் அடியில் மங்கலான கையெழுத்து. அதன்கீழே டைப் அடித்த பெயர்: கே. மாணிக்கவேல், உதவி இன்ஜினியர்.

ஆக்னஸ் ஜெரோமைப் பார்த்தாள். அவர் பேனரைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்," என்றாள். ஐம்பது வருஷமாக அண்ணனை 'நீங்க' என்றுதான் அழைத்திருக்கிறாள். அது நழுவியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "அப்பா மேல பழி எழுதின ஆளும், உன்னைப் படிக்க வச்ச ஆளும் ஒரே ஆளுன்னு உனக்குத் தெரியும்."

"அவரு வேலைய அவரு செஞ்சாரு."

"ஜனவரியில எங்ககூட காட்டுக்கு வந்தியே. அந்த மேட்டுக்குப் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் பாத்தியே. அப்பக்கூட வாயத் தொறக்கலியே!"

"தொறந்து என்னா ஆவப்போவுது? செத்தவங்க வந்துடுவாங்களா? அவரு இல்லன்னா நான் வாத்தியாரு கிடையாது. நான் வாத்தியாரா இல்லன்னா உன்னை யாரு கட்டிக் குடுத்திருப்பா?"

"என்னைக் கட்டிக் குடுத்ததுக்குக் கூலியா எங்கப்பா மேட்டை ஒடைச்சியா?"

மண்டபத்தில் கடை பரப்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெரோம் ரோஜாப்பூவைச் சரிசெய்தபடி, "ஆக்னஸு, இது கோயில் மண்டபம்," என்றார்.

"கோயில் மண்டபம்னுதான் நானும் நம்பிக் கொண்டாந்து வச்சேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். ஆக்னஸ் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

அவள் கணவர் பிலோமின்ராஜ் அப்போதுதான் வந்தார். ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்திருந்தார். லிசா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. மச்சானை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

"அங்க போவாதீங்க," என்றாள் ஆக்னஸ். "சண்டைக்கு நேரமில்ல. பாலக்கரைக்குப் போயி கோழி வலை ரெண்டு முழம் வாங்கிட்டு வாங்க. கூடவே ரெண்டு பழைய சாக்கு. சீக்கிரம்."

பிலோமின்ராஜ் டி.வி.எஸ்-ஐ நோக்கி ஓடினார்.

மண்டபத்தின் மூலையில் பீங்கான் பட்டறைக்காரர்களின் கடை. வருகிறவர்களுக்கு முன்னாலேயே பொம்மை அச்சு எடுத்துக் காட்டுவதற்காக பிளாஸ்டர் மாவு மூட்டை கொண்டு வந்திருந்தார்கள். அவளுடைய பழைய மேஸ்திரி கலியமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மாவு வேணும்."

"எவ்ளோ?"

"ஒரு மேடு அளவுக்கு."

கலியமூர்த்தி அண்ணனையும் தங்கச்சியையும் ஒருமுறை பார்த்தார். மூட்டையின் வாயை அவிழ்த்து, பக்கெட்டையும் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆக்னஸ் வெல்வெட் துணியை உருவி எறிந்தாள். மான்கள் தரையில் உருண்டன. அடியில் பலகையில் அவள் பென்சிலால் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று ஒவ்வொரு கோட்டிலும் எண் எழுதியிருந்தாள். உச்சிக்கு ஒன்பது அங்குலம். அந்த இடத்தில் ஒன்பது அங்குலக் குச்சி ஒன்றை நட்டாள். செய்தித்தாள்களைக் கசக்கிக் குவித்தாள். பிலோமின்ராஜ் கொண்டுவந்த வலையை அதன்மேல் வளைத்து, ஓரங்களில் ஆணி அடித்தாள். லிசா சாக்கைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கொடுத்தாள்.

தண்ணீரில் மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். பிறகு கையை விட்டுக் கலக்கினாள். இனிமேல் கால் மணி நேரம்தான், அதற்குள் இறுகிவிடும். சாக்குக் கீற்றை முக்கி எடுத்து வலைமேல் படியவைத்தாள். அடுத்தது. அடுத்தது. முழங்கை வரைக்கும் வெள்ளையாகிவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்த இடத்திலும் வெள்ளை.

கண்காட்சி பார்க்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஜெரோம் இரண்டு தடவை பக்கத்தில் வந்தார். இரண்டு தடவையும் பிலோமின்ராஜ் குறுக்கே நின்றார்.

"மச்சான், நீங்க போயி வாசல்ல நில்லுங்க. உங்க சாரு வர நேரமாச்சு."

"மாப்ள, நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"எங்க கல்யாணத்தன்னைக்கு எங்க சித்தப்பா சாப்புடாம எழுந்து போனாரு. கொலைகாரன் வூட்டுல கை நனைக்க மாட்டேன்னாரு. பந்தி பரிமாறிக்கிட்டு இருந்தது நீங்கதான் மச்சான். அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ஜெரோம் வாசலுக்குப் போனார்.

மேடு சூடேறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது அப்படித்தான். ஆக்னஸ் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். குச்சியின் நுனி உச்சியோடு உச்சியாகத் தெரிந்தது. ஒன்பது அங்குலம். நிறம் அடிக்க நேரமில்லை. பச்சை மலைக்கு நடுவில் அது மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது.

கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "இதுல கண்ண வச்சுப் பாருங்க," என்றாள். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் இருக்குது. ஒண்ணும் தெரியலியே!"

"அதான் வேணும்."

பதினோரு மணிக்குக் கார் வந்தது.

மாணிக்கவேலுக்கு எழுபத்தாறு வயது. ஒல்லியாக, முதுகு வளையாமல் இருந்தார். ஜெரோம் பொன்னாடை போர்த்தினார். ஃபாதர் கை குலுக்கினார். எல்லாரும் அவரை மேடைப் பக்கம் அழைத்துப் போகப் பார்த்தார்கள். ஆனால் அவர் கண்ணில் மலை பட்டுவிட்டது.

"அடடே!" அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "இது நம்ம மூணாம் சரிவுல்ல? யாரு செஞ்சது?" கிட்டே வந்து பாபின் சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தார். மரவண்டி மெல்ல இறங்க, காலி வண்டி ஏறியது. அவர் குழந்தை மாதிரி சிரித்தார். "அப்படியே இருக்குதே! எப்படிம்மா செஞ்சே?"

ஆக்னஸ் அவரைப் பார்த்தாள். இந்த முகத்தை இவ்வளவு சாதாரணமாக அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"நான் சூசைநாதன் பொண்ணு சார்."

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

"பிரேக் வூட்டு ஜன்னல்ல பாருங்க சார். கீழே ஆளு நிக்கிறது தெரியுதான்னு சொல்லுங்க."

"ஆக்னஸு!" என்றார் ஜெரோம்.

மாணிக்கவேல் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி குனிந்தார். மண்டபமே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து, "இந்த மேடு இவ்ளோ உயரம் கிடையாதும்மா," என்றார்.

"உங்க ரிப்போர்ட்லயே இருக்குது சார்." லிசா வரைபடத்தை விரித்தாள். "முப்பது அடி. நாற்பதுக்கு ஒண்ணுன்னு போட்டா ஒன்பது அங்குலம். நீங்களே அளந்து பாக்கலாம்."

"படம் சர்வேயர் போட்டது."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

"நீங்க பிரேக் வூடு வரைக்கும் ஏறிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள் ஆக்னஸ்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"நாலு நாளா மழை. பாதை இல்ல. ரெண்டு நாள்ல ரிப்போர்ட் வேணும்னு கம்பெனியில ஒரே நெருக்கடி. நான் கீழே ஆபீஸ்ல உட்காந்துதான் எழுதினேன்."

"ஏறல."

"ஏறலம்மா."

"ஏறாமலே, எங்கப்பா கண்ணுக்கு என்னா தெரிஞ்சதுன்னு எழுதிட்டீங்க." ஆக்னஸின் குரல் உயர்ந்தது. "நாற்பத்தெட்டு வருஷம் சார். செத்த மூணு பேரு குடும்பமும் இதே மாவட்டத்துலதான் இருக்குது. கடைத்தெருவுல எங்களைப் பாத்தா எதிர்ப்பக்கம் போவாங்க. எங்கம்மா கடைசி வரைக்கும் பூசைக்கு வந்தா பின்வரிசைலதான் நிப்பாங்க. உங்களுக்காக வேற ஜெபம் பண்ணாங்க!"

கூட்டத்தில் யாரோ 'ச்சே' என்றார்கள். மாணிக்கவேலின் முகம் சிவந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கம்மா. பார்வை விஷயத்துல நான் தப்பு பண்ணியிருக்கலாம். ஆனா குடிப் பழக்கத்தை நானா எழுதல. உங்கம்மாவே வந்து, அவரு தினமும் குடிப்பாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. ரிப்போர்ட்டோட நாலாவது இணைப்பு அதுதான்."

"நாலாவது இணைப்பு கிடைக்கவில்லைன்னு எங்களுக்குப் பதில் குடுத்தாங்க," என்றாள் லிசா.

ஆக்னஸ் மாணிக்கவேலை நெருங்கினாள்.

"எங்கம்மா பேரு பெரியநாயகி. ரேஷன் கார்டுல இருந்து என் கல்யாண ரெஜிஸ்டர் வரைக்கும் கைநாட்டுதான். எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பாங்க?"

மாணிக்கவேல் நெற்றியைச் சுருக்கினார். எதையோ தேடுகிற மாதிரி கண்களை மூடித் திறந்தார். பிறகு அவர் தலை மெதுவாகத் திரும்பியது. பொன்னாடைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஜெரோமிடம் வந்து நின்றது.

எல்லார் தலையும் அங்கே திரும்பியது.

ஜெரோம் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு அப்ப பன்னண்டு வயசு," என்றார்.

ஆக்னஸ் அவர் முன்னால் போய் நின்றாள். "நீதான் எழுதினியா?"

"நானேதான் எழுதினேன். கையெழுத்தும் நானேதான் போட்டேன். பக்கத்துல அம்மா உட்காந்திருந்தாங்க. என்னா எழுதுறேன்னு அவங்களுக்குத் தெரியாது. எழுதிக் குடுத்தா ஹாஸ்டல்ல சேத்துக்குவோம்னு சொன்னாங்க. மூணு வேளை சோறு போடுவாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

ஜெரோம் மாணிக்கவேலைப் பார்த்தார். மாணிக்கவேல், "நேரமாச்சு, நான் கெளம்புறேன்," என்றார்.

வாசலில் பிலோமின்ராஜ் நின்றிருந்தார். "ஒக்காருங்க சார். இன்னும் முடியல. டீ சொல்லியிருக்குது." குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் அவர் நகரவும் இல்லை. மாணிக்கவேல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

லிசா ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, மாமா முன்னால் பெஞ்சில் வைத்தாள். பக்கத்தில் பேனாவையும் வைத்தாள். ஆக்னஸின் கையிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டர் தூள் தாளின் மேல் விழுந்தது. ஆக்னஸ் அதை ஊதித் தள்ளினாள்.

"அன்னைக்கு எழுதினது பொய்யின்னு இன்னைக்கு எழுது. உன் சொந்தக் கையெழுத்தைப் போடு. அதுக்குக் கீழே சாரும் போடட்டும்."

ஜெரோம் பேனாவை எடுத்தார். மேலே தேதியைப் போட்டார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"எழுது."

"ஆக்னஸு, அம்மா அன்னைக்கு ஒண்ணுமே சொல்லாம இருக்கல." அவர் தலை நிமிரவில்லை. "நான் எழுதிக்கிட்டு இருக்கும்போது சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கீழே இருந்து வண்டிய விடச் சொன்னது யாருன்னு, ஒரு பேரைச் சொன்னாங்க. மூணு தடவை சொன்னாங்க. எழுதுடா எழுதுடான்னு என் முதுகுல தட்டினாங்க. நான் எழுதிட்டேன்னு தலையை ஆட்டினேன். அவங்க நம்பிட்டாங்க."

மாணிக்கவேல் சட்டென்று எழுந்தார். "ஜெரோம், வேணாம். அந்தக் குடும்பம் இன்னிக்கும் இருக்குது."

வாசல் பக்கம் யாரோ டீ தட்டோடு வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

ஆக்னஸ் மாணிக்கவேல் பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளை படிந்த விரலால் தாளின் முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"முதல்ல அந்தப் பேரை எழுதுண்ணா."